34 கணக்கு, பழைய சென்ட்ஓஎஸ் 7, ஏறிய பில்: சிபேனலை விட்டுவிடலாமா?

18 ஜனவரி 2025

கொருக்குப்பேட்டைத் தம்பி கேட்டது, அவர் எழுதியபடியே (சிபேனல் என்பது ஒரு சர்வரில் பல வெப்சைட்டுகளை நடத்த உதவும் மென்பொருள், அதாவது பேனல்; விபிஎஸ் என்பது வாடகைக்கு எடுக்கும் சர்வர் பங்கு; சென்ட்ஓஎஸ் 7 அதில் ஓடும் ஓஎஸ்; ஆட்ஆன் டொமைன் என்பது இருக்கிற ஒரு கணக்குக்குள்ளேயே கூடுதலாகச் சேர்க்கும் டொமைன்):

"அக்கா, ஒரு விபிஎஸ்ஸில் 34 சிபேனல் கணக்கு வைத்திருக்கிறேன். எல்லாம் நம்ம ஏரியா கடைகள், டியூஷன் சென்டர், ஒரு கல்யாண மண்டபம். இந்த ஜனவரியிலும் லைசன்ஸ் ஏறிவிட்டது என்று ஹோஸ்டிங்காரர் மெயில் போட்டிருக்கிறார். சர்வர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7. புதுப் பதிப்பில் அது வந்தது, இது வந்தது என்கிறார்கள், எனக்கு எதுவும் வரவில்லை. நாலு கணக்கை ஆட்ஆன் டொமைனாக மாற்றி 30க்குள் கொண்டுவந்துவிட்டால் போதுமா? இல்லை, இலவச பேனல் ஏதாவது போட்டுவிடலாமா?"

தம்பி, நீங்கள் பில்லைத்தான் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் உங்கள் சர்வருக்கு பேட்ச் வராது. புது வசதி எதுவும் வராததற்கும் காரணம் அதுதான். சிபேனலில் 110ஆம் பதிப்புதான் சென்ட்ஓஎஸ் 7இல் ஓடுகிற கடைசிப் பதிப்பு, அதற்கு மேல் போக வேண்டுமானால் கீழே இருக்கிற ஓஎஸ் மாறியாக வேண்டும். மேலே கடைக்குப் புது பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசுகிறோம், கீழே அஸ்திவாரத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது.

பில் விஷயம் புதிதில்லை. 2018இல் சிபேனல் நிறுவனம் ஓக்லி கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2019 ஜூன் கடைசியில் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற விலை என்று அறிவித்தார்கள், செப்டம்பரிலிருந்து அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரு சர்வருக்கு ஒரே விலை, உள்ளே எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். இப்போது 1, 5, 30, 100 என்று படிகள், 100க்கு மேல் ஒவ்வொரு கணக்குக்கும் தனிக்காசு. நீங்கள் 34 வைத்துக்கொண்டு 100க்கான படியில் பணம் கட்டுகிறீர்கள். அதனால் 30க்குள் வர நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஆனால் ஆட்ஆன் டொமைன் வழியில் போகாதீர்கள். ஆட்ஆன் டொமைன் தனிக் கணக்காக எண்ணப்படாது, உண்மை. அதே காரணத்தால் அது தனி லினக்ஸ் பயனரும் இல்லை. கல்யாண மண்டபத்தின் பழைய வேர்ட்பிரஸ் பிளக்இன் வழியாக ஒருவன் உள்ளே வந்தால், அதே கணக்கில் இருக்கும் ஜவுளிக்கடையின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் அவனால் படித்துவிட முடியும். பயனர்களைத் தனித்தனிக் கூண்டில் வைக்கும் கேஜ்எஃப்எஸ் போட்டிருந்தாலும் அது ஒரு பயனரை இன்னொரு பயனரிடமிருந்துதான் பிரிக்கும். ஒரே பயனருக்குள் இருக்கும் இரண்டு சைட்டை அது பிரிக்காது. சம்பந்தமே இல்லாத இரண்டு வாடிக்கையாளரை ஒரே கணக்கில் போடுவது அவர்கள் இருவருக்கும் தெரியாமல் செய்கிற அநியாயம். ஒரே முதலாளியின் இரண்டு கடை என்றால் சேர்க்கலாம், அதில் தவறில்லை.

19 ஜனவரி 2025

இதையும் சொல்லிவிடுகிறேன். 34இல் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். டொமைன் காலாவதியானவை, கடையே மூடிவிட்டவை, "அப்புறம் சொல்றேன் சார்" என்று நிறுத்தி வைத்தவை என்று ஒவ்வொரு சர்வரிலும் சில கிடக்கும். அவற்றை முழு பேக்கப் எடுத்து, உரியவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, நீக்குங்கள். பல பேருக்கு 30க்குள் வருவது இப்படியே நடந்துவிடும்.

26 ஜனவரி 2025

"அப்படியே மேலே ஏற்ற முடியாதா, புது சர்வர் வாங்கத்தான் வேண்டுமா?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

முடியும். சிபேனலே எலிவேட் என்று ஒரு கருவி தந்திருக்கிறது, சென்ட்ஓஎஸ் 7ஐ அல்மாலினக்ஸ் 8 என்ற புது ஓஎஸ்ஸாக மாற்றும். முதலில் சோதனையாக மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், என்னென்ன தடை என்று பட்டியல் தரும். அப்புறம் கட்டம் கட்டமாக, நடுநடுவே ரீபூட் ஆகி, வேலை நடக்கும். கேவிஎம் வகை (தனிக் கெர்னலோடு வரும்) விபிஎஸ் என்றால் சரி. ஓபன்விஇசட் மாதிரி கன்டெய்னர் வகை என்றால் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னல் உங்கள் கையில் இல்லை, எலிவேட் ஓடாது. உங்களுடையது எது என்று ஹோஸ்டிங்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் என் விருப்பம் வேறு. புது சர்வரில் அல்மாலினக்ஸ் 9 போட்டு, சிபேனலின் நிர்வாகிப் பக்கமான டபிள்யூஎச்எம்மில் இருக்கிற டிரான்ஸ்ஃபர் டூல் மூலம் கணக்குகளை ஒவ்வொன்றாக இழுப்பது. அல்மாலினக்ஸ் 8க்குப் பாதுகாப்பு அப்டேட் 2029 வரைதான், 9க்கு 2032 வரை. அதைவிட முக்கியம், பழைய சர்வர் அப்படியே நிற்கும். ஒரு கணக்கில் கோளாறு என்றால் அதை மட்டும் திருப்பிவிடலாம். எலிவேட்டில் நடுவில் நின்றுவிட்டால் 34 கடையும் சேர்ந்து நிற்கும், முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் நகலிலிருந்து மீட்கும் வரை எல்லோர் போனும் உங்களுக்குத்தான் வரும். புது ஐபிக்கு (சர்வரின் இணைய எண் முகவரி) 15 நாள் சோதனை லைசன்ஸ் வாங்கலாம், அந்த நாட்களுக்குள் கணக்குகளை நகர்த்திவிட்டால் இரட்டைச் செலவு பெரிதாக இருக்காது.

நான் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து இந்த வேலையை இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன். எலிவேட் ஓடும் இரவில் திரையை விட்டு எழுந்திருக்க மனசு வராது. புது சர்வர் முறையில் தூங்கலாம்.

2 பிப்ரவரி 2025

எலிவேட்டோ புது சர்வரோ, சிக்கல் வரப்போவது டேட்டாபேஸிலும், சைட்டுகள் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியிலும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சைட் இடம் மாறியதும் "ஏன் வெள்ளையா வருது" என்று வரும் போன்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7க்கு ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. புது ஓஎஸ்ஸில் மைஎஸ்கியூஎல் 8 அல்லது அதுபோன்ற மரியாடிபி. 8இல் சில சொற்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன, அதாவது மேற்கோள் குறி இல்லாமல் பெயராக வைக்க முடியாதவை. அதில் ஒன்று 'ரேங்க்'. டியூஷன் சென்டர் வைத்திருக்கிறீர்கள் என்றீர்களே, அங்கே யாரோ ஒரு கல்லூரிப் பையன் 2014இல் எழுதிக் கொடுத்த மார்க் புரோகிராம் இருந்தால், அதில் ரேங்க் என்ற பெயரில் ஒரு நெடுவரிசை (column) பெரும்பாலும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சென்டரில் இடமாற்றம் முடிந்ததும் எல்லாப் பக்கமும் நன்றாகத் திறந்தது, தேர்வு முடிவுப் பக்கம் மட்டும் காலி. அந்த நெடுவரிசைப் பெயரைச் சுற்றிப் பின்சாய்ந்த மேற்கோள் குறி போட்டதும் சரியானது. சின்ன வேலைதான், ஆனால் பெற்றோர் மார்க் பார்க்க வருகிற நாளில் கண்டுபிடிக்கக் கூடாது.

பிஎச்பி இன்னும் நுணுக்கம். 7.4க்கு ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. 8இல் சில பழைய ஃபங்ஷன்களையே எடுத்துவிட்டார்கள், அவை இருந்தால் பக்கம் உடைந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது ஒப்பீடு. 7 வரை, பூஜ்யம் என்ற எண்ணும் வெற்று எழுத்துச் சரமும் சமம் என்று சொல்லும். 8இல் சமமில்லை. "ஸ்டாக் வெற்றாக இருந்தால் 'சரக்கு இல்லை' என்று காட்டு" என்று எழுதிய பழைய புரோகிராமில் ஸ்டாக் எண்ணாக வந்து பூஜ்யமானால், 8இல் அந்த எச்சரிக்கை வராமலே போகும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கடையில் இல்லாத புடவைக்கு ஆர்டர் வந்துகொண்டிருக்கும். எம்.சி. ரோடு கடைக்காரருக்கு இதைப் பிஎச்பி பதிப்பு மாற்றம் என்று விளக்கிப் புரியவைக்க முடியாது, அவர் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியிருப்பார்.

அதனால் சிபேனலின் மல்டிபிஎச்பி மேனேஜரில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனிப் பதிப்பு வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் 8க்குத் தள்ள வேண்டாம். வேர்ட்பிரஸ் மட்டும் ஓடுகிறவற்றை முதலில் ஏற்றுங்கள், கையால் எழுதிய புரோகிராம்களைக் கடைசியில், உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பழைய பிஎச்பியிலேயே நிரந்தரமாக விட்டுவிடுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9 பிப்ரவரி 2025

இது கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் இடமாற்றத்தில் எல்லோரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

சர்வர் மாறினால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) ஐபி மாற வேண்டும். அதற்கு டொமைன் கணக்கில் நுழைய வேண்டும். மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரி, நட்டு போல்ட்டு, நல்ல மனிதர். டொமைன் யார் பெயரில் என்று கேட்டால், "நம்ம கடையில வேலை பார்த்த பையன் பண்ணிக் கொடுத்தான்" என்றார். பையன் இப்போது துபாயில். டொமைன் அவனுடைய சொந்த மெயிலில், அந்த மெயிலின் கடவுச்சொல் அவனுக்கே நினைவில்லை. அவனைப் பிடித்து, மீட்டு, முதலாளியின் பெயருக்கு மாற்றுவதற்குள் சர்வர் வேலையைவிட அதிக நாள் போனது. கடைப் பலகை ஒருவர் பெயரில், கடையின் இணைய முகவரி வேறொருவர் பெயரில் இருக்கிறது என்பது அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி.

34 டொமைனுக்கும் யார் பெயர், எந்த மெயில், எப்போது காலாவதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். லைசன்ஸ் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டிஎன்எஸ் கையில் வந்ததும், மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பு டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள்.

23 பிப்ரவரி 2025

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: "இலவச பேனல் இருக்கும்போது காசு கட்டுவது ஏமாளித்தனம்."

ஏமாளித்தனம் இல்லை, அண்ணே. ஆனால் இலவசம் எல்லாம் மட்டம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விர்ச்சுவல்மின், 1997இல் ஜேமி கேமரன் தொடங்கிய வெப்மின்னின் மேல் ஓடுவது. இலவச ஜிபிஎல் பதிப்பில் கணக்குக் கட்டுப்பாடு கிடையாது. சிபேனல் பேக்கப்பை வாங்கிக்கொள்ளும். முகப்பு கொஞ்சம் முரடு, கடைக்காரர் கையில் கொடுத்தால் பயந்துவிடுவார். நீங்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் என்றால் நல்ல தேர்வு.

ஹெஸ்டியா எனக்குப் பிடிக்கும். வெஸ்டா என்ற பேனலிலிருந்து பிரிந்து வந்தது. 2018இல் வெஸ்டா சர்வர்கள் தாக்கப்பட்ட பிறகு, பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் எடுத்து நடத்துவது. டெபியனிலும் உபுண்டுவிலும் மட்டும் ஓடும். சின்ன விபிஎஸ்ஸில் இலகுவாக ஓடும்.

சைபர்பேனல் வேகமானது, ஓபன்லைட்ஸ்பீடு என்ற வெப் சர்வர் உள்ளே இருக்கிறது. ஆனால் 2024 அக்டோபர் கடைசியில் நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்நுழையாமலே ரூட் அதிகாரத்தில் (சர்வரின் முழு அதிகாரம்) கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை வெளியானது, அப்போது இணையத்தில் திறந்திருந்த சுமார் 22,000 சைபர்பேனல் சர்வர்கள் மேல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பாய்ந்தது. கன்ட்ரோல் வெப் பேனல் என்பதும் இப்படித்தான், 2023 ஜனவரியில் அதன் ஓட்டையை வைத்துத் தாக்குதல்கள் நடந்தன. காசு வாங்கும் பேனலில் ஓட்டையே வராது என்று நான் சொல்ல வரவில்லை. பேனல் என்பது ரூட் அதிகாரம் உள்ள ஒரு வாசல், அதை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஒவ்வொரு பேனலும் ஒரு போர்ட்டில் (வாசல் எண்) திறக்கும்: சைபர்பேனலின் 8090, வெப்மின்னின் 10000, ஹெஸ்டியாவின் 8083, டபிள்யூஎச்எம்மின் 2087, எதுவாக இருந்தாலும் ஃபயர்வாலில் உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள், அல்லது விபிஎன் வழியாகப் போங்கள். அன்றைக்கு அந்தப் போர்ட் வெளியே தெரியாமல் இருந்தவர்களை அந்த அலை தொடவில்லை.

1 மார்ச் 2025

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்று குறைவதாகப் பட்டது. டைரக்ட்அட்மின் பற்றிச் சொல்லவில்லை. கனடா நிறுவனம், காசு கட்ட வேண்டும், ஆனால் சிபேனலைவிடக் குறைவு. சிபேனல் பேக்கப்பை நேராக மீட்டெடுக்கும். 2019 விலை மாற்றத்துக்குப் பிறகு நிறைய ஹோஸ்டிங்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 34 கணக்கு, தனியாள், ராத்திரி எழுப்பினால் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை என்ற உங்கள் நிலையில், இலவசத்துக்கும் சிபேனலுக்கும் நடுவே அதையும் பாருங்கள்.

நான் பேனலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: இதை விட்டு வெளியேற வேண்டுமானால் எப்படி வெளியேறுவது? வசதிப் பட்டியலைப் பிறகு பார்ப்பேன். ஒரு கணக்கை முழுதாக, மெயில், டேட்டாபேஸ், டிஎன்எஸ், கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) எல்லாம் சேர்த்து ஒரே கோப்பாகத் தரமுடியுமா? அந்தக் கோப்பை வேறு பேனல் புரிந்துகொள்ளுமா? சிபேனல் பேக்கப்புக்கு இந்தச் சிறப்பு உண்டு, ஏறத்தாழ எல்லாப் பேனலும் அதைப் படிக்கும். அதனால்தான் விலை பற்றி எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

16 மார்ச் 2025

மெயில். இதற்கு ஒரு முழுக் குறிப்பு தேவை.

சைட் ஒரு மணி நேரம் நின்றால் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். மெயில் காணாமல் போனால் மன்னிக்கமாட்டார், மன்னிக்கவும் கூடாது. ராயபுரத்தில் மீன் ஏற்றுமதி செய்கிறவருக்கு ஒரு மெயில் என்பது ஒரு கன்டெய்னர்.

முதலில், புது சர்வரின் ஐபி ஏற்கெனவே யாரிடம் இருந்தது என்று தெரியாது. கணக்கு எதையும் நகர்த்துவதற்கு முன்பே, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைக் குறித்து வைக்கும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேறு ஐபி கேளுங்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) ஹோஸ்டிங்காரர்தான் அமைக்க முடியும், அதையும் அன்றே கேட்டுவிடுங்கள். மெயில் அனுப்பும் போர்ட் 25 வெளியே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பல விபிஎஸ் நிறுவனங்கள் அதை அடைத்தே தருகின்றன.

அடுத்தது எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் போடும் பதிவுகள் இவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தாக வேண்டும், நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்பினால் இரண்டும், கூடவே டிமார்க்கும். சின்னக் கடைதானே என்று விடாதீர்கள், மூன்றையும் போடுங்கள். சிபேனலில் இமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கம் எது குறைகிறது என்று காட்டும். டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளி நிறுவனத்தில் இருந்தால் அங்கே போய் நாம்தான் ஒட்ட வேண்டும், பேனல் தானாகச் செய்யாது. எஸ்பிஎஃப்பில் பழைய ஐபி கையால் எழுதியிருந்தால் அது பழைய ஐபியாகவே நிற்கும், சர்வர் மாறியதும் உங்கள் மெயிலை உங்கள் எஸ்பிஎஃப்பே பொய் என்று சொல்லும்.

கடைசியாக ஒன்று. டிஎன்எஸ் மாறுகிற சில மணி நேரத்தில் சில மெயில் பழைய சர்வரிலேயே இறங்கும். மாற்றிய மறுநாள் ஐமேப்சிங்க் என்ற மெயில் நகலெடுக்கும் கருவியை ஓட்டி அவற்றைக் கொண்டுவாருங்கள். பழைய சர்வரை அவசரமாக ரத்து செய்யாதீர்கள். பாப்3இல் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிவிடும் முறை) வைத்திருக்கிறவர்களின் பழைய மெயில் பெரும்பாலும் சர்வரிலேயே இல்லை, கல்லாப்பெட்டிப் பக்கத்துக் கம்ப்யூட்டரின் அவுட்லுக்கில்தான் இருக்கிறது. அதை யாரிடமும் கேட்காமல் தொடாதீர்கள்.

13 ஏப்ரல் 2025

எஸ்எஸ்எல் (சைட் முகவரிக்குப் பாதுகாப்பு தரும் சான்றிதழ்) பற்றி இந்த வாரம் ஒரு முடிவு வந்திருக்கிறது, உங்கள் எல்லோரையும் தொடும்.

சான்றிதழ் வழங்குகிறவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பான சிஏ/பிரவுசர் ஃபோரம், சான்றிதழின் ஆயுளைக் குறைக்க வாக்களித்துவிட்டது. 2026 மார்ச் 14 வரை அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருஷத்துக்கு ஒருமுறை எஸ்எஸ்எல் வாங்கி, கையால் பேனலில் ஒட்டி, அதற்கு ஒரு கட்டணம் வாங்குகிற வழக்கம் நம் பக்கத்தில் பலரிடம் உண்டு. அந்த வேலை முடிந்தது. வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லி, தானாகச் சான்றிதழ் போடும் சிபேனல் வசதியான ஆட்டோஎஸ்எஸ்எல்லுக்கு மாற்றுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்தே 90 நாள்தான் தந்துவந்தது, தானாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு இருப்பவருக்கு இதில் வலியே இல்லை.

ஆட்டோஎஸ்எஸ்எல் தோற்கிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை: டொமைன் வேறு ஐபியைக் காட்டுவது, சிஏஏ ரெக்கார்டில் (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வேறு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருப்பது, சைட்டின் அமைப்புக் கோப்பான எச்டிஅக்சஸில் (.htaccess) யாரோ எழுதிய திருப்புவிதி சரிபார்ப்புக் கோப்பைத் தடுப்பது. மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் ஆகும்.

20 ஏப்ரல் 2025

"எந்த நேரத்தில் மாற்றுவது? நான் ஞாயிறு ராத்திரி 2 மணி என்று நினைத்திருக்கிறேன்" என்று தம்பி.

ஜவுளிக்கடைக்கு அது சரி. ராயபுரம், காசிமேடு பக்கத்து மீன் வியாபாரம் எதுவும் உங்களிடம் இருந்தால் ராத்திரி 2 மணி என்பது அவர்களுக்கு நடுப்பகல். விடிவதற்குள் ஏலம், விலை, லோடு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நல்ல காலம் இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இந்த நாட்களுக்குள் அவர்கள் கணக்கை மாற்றி, மெயில் சோதித்து, கோளாறு இருந்தால் திருத்தி முடித்துவிடலாம். டியூஷன் சென்டர்களுக்கு மே மாதம். ஜவுளிக்கு ஆடி வருவதற்குள் முடித்துவிட வேண்டும், தீபாவளி நெருக்கத்தில் தொடவே கூடாது. கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாள் காலண்டரைப் பாருங்கள், முன்பதிவுப் படிவம் அங்கேதான் இருக்கிறது என்றால்.

11 மே 2025

சிபேனலின் புது வசதிகள் பற்றி யாரும் பேசவே இல்லையே என்று ஒரு குறை. சரி, சுருக்கமாக.

பழைய பேப்பர் லான்டர்ன் முகப்பு போய் ஜூபிடர் வந்துவிட்டது. 110இல் இருக்கிறவர்கள் ஏற்கெனவே அதைப் பார்த்திருப்பார்கள். வெப்மெயிலில் முதலில் ஸ்குவிரல்மெயில் போனது, அப்புறம் ஹோர்டும் போனது, இப்போது ரவுண்ட்கியூப் மட்டும். மெயிலுக்கு எதுவும் ஆகாது. ஆனால் ஹோர்டில் முகவரிப் புத்தகம் வைத்திருந்த கணக்குப்பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். இன்னும் ஹோர்டு ஓடுகிற பழைய பதிப்பில் இருக்கிறவர்கள் தொடர்புகளை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு நகருங்கள்.

வேர்ட்பிரஸ் சைட்டுகளுக்கான டபிள்யூபி டூல்கிட் உண்மையிலேயே பயனுள்ளது. ஒரு சைட்டை நகலெடுத்து, நகலில் அப்டேட் செய்து பார்த்து, அப்புறம் அசலில் செய்யலாம். பிளெஸ்க் என்ற இன்னொரு பேனலிலிருந்து வந்தது, பிளெஸ்க்கும் சிபேனலும் இப்போது ஒரே குடும்பம். சைட்ஜெட் பில்டரும் வந்திருக்கிறது, ஒரு பக்கச் சைட்டுக்குப் போதும். அதைவிட நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இரண்டடுக்கு உள்நுழைவு. பல வருஷமாக இருக்கிறது, பாதிப் பேர் இன்னும் போடவில்லை.

8 ஜூன் 2025

லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்புவதை இந்த மாதம் 4ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்த மெயிலை நம்பி இருந்தவர்கள் வேறு கண்காணிப்பு வையுங்கள்.

பேக்கப் எங்கே வைப்பது என்று கேட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் நண்பர் ஒருவரின் தரைத்தள அலுவலகத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அவருடைய சர்வர் மும்பையில் நன்றாகவே ஓடியது. பேக்கப் ஹார்டு டிஸ்க் மட்டும் மேசைக்கு அடியில் இருந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் வந்து வந்து போகிறது, அந்த நாட்களில் சர்வரில் ஏதாவது நடந்திருந்தால் அவரிடம் ஒன்றுமே இருந்திருக்காது. அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம்: ஒரு பிரதி வேறு நிறுவனத்தின் சேமிப்பில், வேறு ஊரில். சர்வரிலேயே இருக்கிற பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு கணக்கையாவது காலி சர்வரில் மீட்டுப் பாருங்கள், கோப்பு இருக்கிறது என்பதும் அது திறக்கும் என்பதும் வேறு வேறு.

22 ஜூன் 2025

தம்பி எழுதியிருக்கிறார்: செத்த கணக்குகளைக் களைந்ததும் 28தான் மிஞ்சியது, அல்மாலினக்ஸ் 9இல் புது சர்வர், சிபேனலிலேயே தொடர்கிறார், 30க்கான படியில். மகிழ்ச்சி. இலவச பேனல் பக்கம் போகவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை, வெற்றியும் இல்லை. உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி.

மூன்று சைட் இன்னும் பிஎச்பி 8.1இல் இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். 8.1க்குப் பாதுகாப்பு ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான். நேராக 8.3க்குப் போங்கள், தீபாவளிக்கு முன்பே. மைஎஸ்கியூஎல் 8.0க்கும் 2026 ஏப்ரலில் ஆதரவு முடிகிறது, அதனால் பிஎச்பி முடித்த கையோடு அந்த மூன்றின் டேட்டாபேஸையும் நகலில் சோதித்து வையுங்கள். அந்தப் பழைய மார்க் புரோகிராம் அதில் ஒன்று என்றால் அதன் புரோகிராம் வரிகளை எனக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.